மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது: ஆளா, அமைப்பா, அன்றாட வேலையா?

ஒரு நிறுவனம் தேங்கிப்போனது கணக்குப் புத்தகத்துக்கு முன்பே மீட்டிங்கில் தெரிந்துவிடும். போன மாதம் பேசிய அதே பிரச்சினையை இந்த மாதமும் பேசுவார்கள். அதே ஆள் அதே பதிலைச் சொல்வார். மற்றவர்கள் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார்கள். இப்படியே போனால் சரிவராது என்ற எண்ணம் பொறுப்பில் இருப்பவருக்கு அப்போதுதான் உறைக்கும்.

சரி, எதை மாற்றுவது? மூன்று வழிகள் முன்னால் நிற்கும். முதல் வழி, ஆட்களை மாற்றுவது: பயிற்சி வகுப்பு, தனிப்பட்ட வழிகாட்டல், மனப்பான்மை. இரண்டாவது, அமைப்பை மாற்றுவது: யார் யாருக்குக் கீழ், எதற்கு யார் அனுமதி, எதை வைத்துச் சம்பள உயர்வு. மூன்றாவது, தினமும் நடக்கும் ஒரு வேலையைச் செய்யும் விதத்தை மாற்றுவது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய நேரமும் பணமும் யாரிடமும் இருப்பதில்லை. அதைவிட, மக்களின் கவனம் அவ்வளவு தாங்காது. எது முதலில் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும்.

நான் மூன்றாவது வழியின் பக்கம் சாய்ந்தவன். ஆனால் அது தோற்கும் இடங்களும் உண்டு, மற்ற இரண்டும் வெல்லும் இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

பயிற்சி முடிந்த திங்கட்கிழமை

பெரும்பாலான நிறுவனங்கள் ஆட்களிடமிருந்துதான் தொடங்குகின்றன. காரணம் எளிது. யாருடைய நாற்காலியும் நகராது, யாரும் எதிர்க்க மாட்டார்கள், அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அப்படி இரண்டு நாள் பயிற்சி நடந்தது. "பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்" என்பதுதான் அதன் சாரம். பயிற்சியாளர் நல்லவர், விஷயம் தெரிந்தவர். எப்போதும் வாய் திறக்காத ஒருவர் இரண்டாம் நாள் எழுந்து நின்று, இனிமேல் வாடிக்கையாளர் புகார்களைத் தானே தீர்க்கப் போவதாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒரு புகார் வந்தது. பழுதான ஒரு பாகத்துக்குப் பதில் வேறொன்று அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு படிவம். படிவத்தின் அடியில் நான்கு கட்டங்கள், நான்கு கையெழுத்துகள். இரண்டு கையெழுத்து அன்றே கிடைத்தது. மூன்றாவது ஆள் விடுப்பில் இருந்தார். "அவர் வரட்டும்" என்றார்கள். படிவம் ஐந்து நாட்கள் ஒரு கண்ணாடி பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடந்தது. வாடிக்கையாளர் தினமும் போன் செய்தார். இரண்டு வாரம் கழித்து அந்த நண்பர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேலே கேட்டுச் சொல்கிறேன் சார்." பழைய வார்த்தை, பழைய குரல்.

பயிற்சியில் குறை இல்லை. அவரிடமும் குறை இல்லை. வகுப்பில் ஒன்றைக் கேட்டுவிட்டு வந்தவரிடம் வேலையிடம் வேறொன்றைக் கேட்டது. இந்த இழுபறியில் எப்போதும் வேலையிடம்தான் ஜெயிக்கும். ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் பீரும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஆறு பெரிய நிறுவனங்களில் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து 1990-ல் சொன்னதும் இதே திசையில்தான். ஆட்களின் மனப்பான்மையை மாற்றினால் நடத்தை மாறும், நடத்தை மாறினால் நிறுவனம் மாறும் என்ற நம்பிக்கை தலைகீழானது என்றார்கள். ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பும், அவர் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்பதும்தான் நடத்தையை வடிவமைக்கின்றன என்பது அவர்கள் கண்டது.

அப்படியானால் பயிற்சியே வீணா? இல்லை. உண்மையில் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது. நேற்றுவரை சக ஊழியராக இருந்தவர் இன்று மேற்பார்வையாளர் ஆகியிருந்தால், கடினமான ஒரு விஷயத்தை முகம் பார்த்துச் சொல்லும் கலை அவருக்குத் தானாக வந்துவிடாது. புது இயந்திரம், புது மென்பொருள், புதுத் துறை, இவற்றுக்கும் பயிற்சி வேண்டும். முடிவெடுப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி இது: நாளை காலை இதைச் செய்தே ஆக வேண்டும் என்றால் இவரால் செய்ய முடியுமா? முடியும் என்றால் குறை திறமையில் இல்லை. அவர் செய்யாமல் இருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைத் தேடாமல் வகுப்புக்கு அனுப்புவது காய்ச்சல்காரருக்குக் கண்ணாடி மாட்டுவது போன்றது.

அமைப்பை மாற்றுவது: நீக்குவது வேறு, கட்டுவது வேறு

அமைப்பை மாற்றுவது என்று பொதுவாகப் பேசும்போது இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். இருக்கிற ஒரு கெட்ட விதியை எடுத்துவிடுவது ஒன்று. புதிய கட்டமைப்பைக் கட்டி எழுப்புவது இன்னொன்று. முதலாவது மலிவு. இரண்டாவது மிகவும் செலவு பிடிக்கும்.

மைக்ரோசாஃப்டில் பல ஆண்டுகள் ஊழியர்களை வரிசைப்படுத்தும் மதிப்பீட்டு முறை இருந்தது. ஒரு குழுவில் எல்லோருமே நன்றாக வேலை செய்திருந்தாலும், மேலாளர் சிலரைக் கீழ்ப்படியில் வைத்தே ஆக வேண்டும். பக்கத்து மேசைக்காரர் முன்னேறினால் நான் பின்தள்ளப்படுவேன் என்றால் யார் யாருக்கு உதவுவார்கள்? ஒத்துழைப்பைப் பற்றி எத்தனை வகுப்பு நடத்தினாலும் அந்த மதிப்பீட்டுத் தாள் அதை அழித்துவிடும். 2013 நவம்பரில் அந்த முறையைக் கைவிட்டார்கள். சத்யா நாதெல்லா தலைமைப் பொறுப்புக்கு வந்தது 2014 பிப்ரவரியில். அவர் கற்கும் மனத்தைப் பற்றிப் பேசியதும், அதன் பிறகு அந்த நிறுவனம் வளர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பேச்சு எடுபட்டதற்கு, அதற்கு முன்பே ஒரு முள் பிடுங்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இனி கட்டுவதற்கு வருவோம். அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற பழைய பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்கு 2011 நவம்பரில் ரான் ஜான்சன் தலைவராக வந்தார். ஆப்பிளின் கடைகளை உருவாக்கி வெற்றி கண்டவர். வந்த சில மாதங்களிலேயே தள்ளுபடிக் கூப்பன்களை எடுத்தார், விலை நிர்ணயத்தை மாற்றினார், கடைக்குள் கடைகளாகப் பிரிக்கத் தொடங்கினார். சில கிளைகளில் முதலில் செய்துபார்க்காமல் ஒரே வீச்சில் எல்லா இடத்திலும் இறக்கினார். 2012-ல் விற்பனை சுமார் 25 சதவீதம் சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேறினார். அவருடைய யோசனைகள் எல்லாமே முட்டாள்தனமானவை என்று சொல்ல மாட்டேன். கூப்பனுக்காகக் காத்திருந்து வாங்குவதில் ஒரு மகிழ்ச்சி கண்ட வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ள அவர் நேரம் விடவில்லை. தவறு தெரிந்தபோது திரும்பிப் போகவும் பாதை இல்லை.

பெரிய மறுசீரமைப்பில் கணக்கில் வராத இன்னொரு செலவு உண்டு. அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஒவ்வொருவரும் கேட்பது ஒரே கேள்வி: "என் இடம் எங்கே?" பதில் கிடைக்கும்வரை வேலை பாதிதான் நடக்கும். வேறு இடத்தில் எளிதாக வேலை கிடைக்கக்கூடியவர்கள், அதாவது நீங்கள் இழக்கக் கூடாதவர்கள், முதலில் கிளம்புவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், பெரிய மாற்றத்தைத் தவிர வேறு வழியே இல்லாத நேரம் ஒன்று உண்டு: காலடியில் சந்தையே கரையும்போது. புகைப்படச் சுருளின் தேவை 2000-ஐ ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு மளமளவென்று விழுந்தது. சுருள் தயாரித்த ஜப்பானிய நிறுவனமான ஃபியூஜிஃபிலிம் தன் கையில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தது. மெல்லிய படலங்களைச் செய்யும் திறமை, சுருளுக்குப் பயன்பட்ட கொலாஜன் பற்றிய அறிவு, நிறம் மங்காமல் காக்கும் வேதியியல். அவற்றை எல்சிடி திரைகளுக்கான படலங்களுக்கும், மருத்துவத் துறைக்கும், சருமப் பராமரிப்புப் பொருட்களுக்கும் கொண்டுபோனது. அதன் போட்டியாளரான கொடாக்கில் ஒரு பொறியாளர் 1975-லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்துகாட்டியிருந்தார். அந்த நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. சுருள் செய்யும் முறையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்தியிருந்தால் அது இரண்டையும் காப்பாற்றியிருக்காது.

ஒரு கயிறும் ஒரு தொழிற்சாலையும்

மூன்றாவது வழிக்கு என்னை இழுத்தது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் தொழிற்சாலையின் கதை. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய அந்தக் கார் ஆலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள் உண்டு. வந்தவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் தீராத பகை. கார்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே பொருத்தப்படும் லைன் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். கதவு சரியாகப் பொருந்தாத கார் கண்முன்னே போனாலும் போகவிட வேண்டும், கடைசியில் வெளியே நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். 1982-ல் ஆலையை மூடினார்கள்.

1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. அதே கட்டடம், அதே தொழிற்சங்கம். எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆட்கள். "இந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது" என்று முன்பு சொல்லப்பட்டவர்கள். குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பி, அங்கே லைனில் நின்று சில வாரம் வேலை செய்யவைத்தார்கள். அப்புறம் திரும்பி வந்ததும் ஒரு கயிற்றைக் கொடுத்தார்கள்.

அந்தக் கயிறு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தொழிலாளிக்குத் தன் இடத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், ஓசை வரும், குழுத் தலைவர் உடனே வருவார். லைன் அப்போதே நிற்காது. அந்தக் கார் அடுத்த எல்லைக் கோட்டைத் தொடுவதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் இன்னொரு முறை இழுத்து விளக்கை அணைத்துவிடலாம். முடியாவிட்டால் லைன் நிற்கும், எல்லோரும் பார்ப்பார்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை. நேற்றுவரை "வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்று கேட்டுப் பழகியவர், இன்று தன் கையால் ஒரு தொழிற்சாலையை நிறுத்தலாம். வந்த மேலாளர் திட்டாமல் "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் நடப்பதை எந்த வகுப்பறையும் தர முடியாது. வேலைக்கு வராதவர்கள் 20 சதவீதத்திலிருந்து சுமார் 2 சதவீதமாகக் குறைந்தார்கள். தரம், ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளை எட்டிப்பிடித்துக் கடந்துபோனது.

இதே கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் இந்த முறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் திணறியது. கயிற்றை எங்கே வேண்டுமானாலும் கட்டிவிடலாம். இழுத்தவுடன் கோபப்படாமல் ஓடி வரும் மேற்பார்வையாளரைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியாது. வேலை முறை மாறும்போது மேலே இருப்பவரின் பதில்வினையும் கூடவே மாற வேண்டும். அது மாறாத இடத்தில் கயிறு வெறும் அலங்காரம்.

அல்கோவா அலுமினிய நிறுவனத்துக்கு 1987-ல் தலைவராக வந்த பால் ஓநீல் தேர்ந்தெடுத்ததும் ஒரே ஒரு நடைமுறைதான்: யாருக்காவது காயம் பட்டால் 24 மணி நேரத்துக்குள், அந்தப் பிரிவின் தலைவர் அதை ஓநீலுக்குத் தெரிவிக்க வேண்டும், மறுபடி நடக்காமல் இருக்க ஒரு திட்டத்தோடு. பிரிவுத் தலைவருக்கு 24 மணி நேரத்தில் தெரிய வேண்டும் என்றால், அவருக்குக் கீழே இருப்பவருக்கு அதற்கும் முன்பே தெரிய வேண்டும். பட்டறையில் நிற்கும் தொழிலாளி பயமில்லாமல் சொல்ல வேண்டும். ஒரு விதியைக் காப்பாற்றவே தகவல் ஓடும் பாதைகள் எல்லாம் திறந்துகொண்டன. அவர் பொறுப்பிலிருந்து விலகிய காலத்தில், காயத்தால் வேலை நாட்கள் வீணாகும் சம்பவங்கள் 100 தொழிலாளர்களுக்கு 1.86 என்ற விகிதத்திலிருந்து சுமார் 0.2 ஆகியிருந்தது. லாபமும் பெருகியது.

இந்த வழியின் குறை, முதல் இரண்டு மாதங்கள் வெளியே காட்ட ஒன்றுமே இருக்காது. மேலிடம் பொறுமை இழக்கும். இன்னொன்று, தவறான நடைமுறையைத் தேர்ந்தெடுத்தால் அத்தனை உழைப்பும் ஓர் ஓரத்திலேயே கிடந்துவிடும்.

தன்னை மாற்றிக்கொள்வதிலும் இதே மூன்றுதான்

தனி மனிதருக்கும் இதே தேர்வு வருகிறது. மனதைத் திடப்படுத்துவதா, சூழலை மாற்றுவதா, ஒரு சின்னச் செயலை தினமும் செய்வதா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு எளிய செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தோடோ நிகழ்வோடோ அதை முடிச்சுப் போட்டார்கள். அது யோசிக்காமலே வரும் பழக்கமாக ஆவதற்குச் சராசரியாக 66 நாட்கள் பிடித்தன. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்ற கணக்கு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பது எனக்குப் பிடித்த பகுதி. மூன்றாம் நாள் தவறியதும் "நமக்கு இது வராது" என்று கைவிடும் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரு குணம் இருந்தது. ஒருவர் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினால், அவர் முடிக்கும் முன்பே நான் தீர்வைச் சொல்லிவிடுவேன். வேகம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று பலமுறை தீர்மானித்தும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வாராந்தர மீட்டிங்கில் நான் கடைசியாகத்தான் பேசுவேன். எல்லோருக்கும் முன்னால் அதைச் சொன்னேன், மீறினால் நிறுத்துங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். முதல் வாரங்களில் நாக்கு துடிக்கும், பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, எங்கள் குழுவின் இளையவர் ஒருவர் எட்டு மாதமாகத் தனக்குத் தெரிந்திருந்த ஒரு தவறை அமைதியாக எடுத்துவைத்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் முதலிலேயே வேறு காரணம் சொல்லிவிட்டீர்கள் சார்" என்றார்.

அன்றிலிருந்து ஆளா அமைப்பா என்று யாராவது கேட்டால், முதலில் கேட்பவர் தன்னுடைய எந்தப் பழக்கத்தை மாற்றத் தயார் என்று திருப்பிக் கேட்கிறேன்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். மாற்றத்தில் யாரோ ஒருவர் எதையோ இழக்கிறார். எங்கள் இடத்தில் எந்தச் சரக்கு எங்கே நிற்கிறது என்பதை மனப்பாடமாக வைத்திருந்த மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரிடம் போய்க் கேட்டுத்தான் வேலை செய்வார்கள். அந்தத் தகவலைச் சுவரில் பலகையில் எழுத ஆரம்பித்ததும் வேலை வேகமாகியது. அவரைத் தேடி வருவது நின்றுபோனது. அவர் பலகையை எதிர்த்ததைப் பிடிவாதம் என்றார்கள். அது துக்கம் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பலகையில் வரும் பிழைகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. சின்ன மாற்றத்தில் இப்படி இழப்பவரின் முகம் தெரியும், அவரோடு உட்கார்ந்து பேசலாம். பெரிய மறுசீரமைப்பில் அவர் ஒரு பட்டியலில் ஒரு வரி.

எப்படி முடிவெடுப்பது

முதலில் காலத்தைப் பாருங்கள். இன்னும் ஒரு வருடத்துக்குள் கைப்பணம் தீர்ந்துவிடும் அல்லது விற்கும் பொருளுக்கே தேவை இல்லாமல் போகும் என்றால், பெரிய மாற்றத்துக்குப் போங்கள். அப்போதும் ஒரு கிளையில், ஒரு பிரிவில் முதலில் செய்துபாருங்கள். நான்கு வாரம் கிடைத்தால்கூடப் போதும், நிறையத் தெரிந்துவிடும்.

அவ்வளவு அவசரம் இல்லையென்றால், நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதையே தண்டிக்கும் விதி ஏதாவது உள்ளதா என்று தேடுங்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் மற்ற எதுவும். பிறகு ஒரே ஒரு நடைமுறையைத் தேர்ந்தெடுங்கள். அது தினமும் நடப்பதாக இருக்கட்டும், குறைந்தது இரண்டு பிரிவுகளின் கை படுவதாக இருக்கட்டும், ஒரு வாரத்துக்குள் பலன் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். அதற்குத் தேவையான பயிற்சியை அப்போது கொடுங்கள், கற்றதை மறுநாளே பயன்படுத்தும்படி. கூடவே, உங்கள் பழக்கம் ஒன்றை எல்லோருக்கும் தெரியும்படி மாற்றுங்கள். மூன்று மாதம் வேறு எதையும் தொடாதீர்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

முதலில் சொன்ன அந்தப் புகார்ப் பிரிவு பின்னாளில் என் பொறுப்புக்கு வந்தபோது நான் தொட்டது அந்த நான்கு கட்டப் படிவத்தைத்தான். பெரிய தொகைக்கு இரண்டு கையெழுத்து, அதற்குக் கீழே எதற்கும் புகாரை எடுத்தவரே கையெழுத்திடலாம் என்று மாற்றினோம். முதல் வாரம் அந்த நண்பர் ஒவ்வொரு படிவத்தையும் கொண்டுவந்து என் மேசையில் காட்டிவிட்டுத்தான் போனார். நான் பார்த்தேன், தலையாட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் தவறான பாகம் ஒன்று போய்விட்டது. அவரே வந்து சொன்னார், அவரே வாடிக்கையாளருக்குப் போன் போட்டார். ஐந்தாவது வாரத்திலிருந்து அவர் என் மேசைக்கு வரவில்லை.